ஒரு டாலருக்கு விற்ற மருந்து!

பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால், தயிர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்துக் குப்பி இருக்கும். அப்பாவுக்கோ மாமியாருக்கோ தினமும் போடும் இன்சுலின். இதைக் கண்டுபிடித்தது ஒரு பல்கலைக்கழகம். ஊர் உலகத்துக்கெல்லாம் கிடைக்கிற அளவுக்குத் தயாரித்தது ஒரு மருந்து கம்பெனி. ஆனால், இந்த இரண்டும் கைகோத்த கதை அவ்வளவு இனிப்பானது அல்ல.

1922 ஜனவரி. கனடாவின் டொரான்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லியோனார்ட் தாம்ப்சன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அன்றைக்குச் சிறுவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால், பட்டினி போட்டு மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம். ஜனவரி 11-ல் போட்ட முதல் ஊசி பலிக்கவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தினார் காலிப் என்ற வேதியியலாளர். 23-ம் தேதி மறுபடி ஊசி. சர்க்கரை சரசரவென இறங்கியது!

கொண்டாட வேண்டிய நேரத்தில் சண்டை. செய்முறையை மற்றவர்களிடம் சொல்ல மாட்டேன் என்றார் காலிப். பான்டிங்குக்கும் அவருக்கும் கைகலப்பே நடந்ததாகச் சொல்வார்கள். இரண்டே நாளில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள்: யாரும் தனியாகக் காப்புரிமை கேட்கக் கூடாது, வெளிக் கம்பெனியோடு தனியாகப் பேசவும் கூடாது.

அடுத்து வந்தது பெரிய இடி. நாலு பேருக்கு ரசம் வைக்கிற கைக்கு, கல்யாணப் பந்திக்கு வைக்கும்போது பக்குவம் தவறுமே, அதுதான் நடந்தது. சின்னக் குடுவையில் வந்த மருந்து, பெரிய பாத்திரங்களில் வரவே இல்லை. ஒரு கட்டத்தில் காலிப்புக்கே பழைய பக்குவம் பிடிபடவில்லை. மருந்து உண்டு என்று தெரிந்துவிட்டது, கொடுக்கத்தான் இல்லை. காத்திருந்த பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் எலை லில்லி கம்பெனி முந்தைய டிசம்பரிலிருந்தே வாசலில் நின்றது. ஆய்வகத் தலைவர் மெக்லியாட் பிடி கொடுக்கவில்லை. உயிர் காக்கும் மருந்தை வியாபாரியிடம் கொடுப்பதா என்ற தயக்கம். நியாயமான தயக்கம்தான். ஆனால், காலம் அவர்கள் பக்கம் இல்லை. 1922 மே இறுதியில் கையெழுத்தானது. அமெரிக்காவில் லில்லிக்கு ஓராண்டு மட்டும் தனியுரிமை. இரு தரப்பும் செய்முறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கம்பெனி தன் பலத்தைக் காட்டியது. இறைச்சிக்கூடங்களிலிருந்து கணையங்கள் வந்து குவிந்தன. அங்கிருந்த ஜார்ஜ் வால்டன் என்ற வேதியியலாளர், கரைசலின் அமிலத்தன்மையைச் சரியான புள்ளிக்குக் கொண்டுவந்தால் இன்சுலின் தானாகப் பிரிந்து படிகிறது என்று கண்டார். கொதிக்கிற பாலில் எலுமிச்சை பிழிந்தால் பனீர் பிரிகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் தடுமாறிய இடத்தைத் தாண்டியது கம்பெனி.

தாண்டியதும் அதன் குணமும் தெரிந்தது. வால்டன் முறைக்குத் தன் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை கேட்டது. மருந்துக்கும் 'ஐலெட்டின்' என்று சொந்தப் பெயர் சூட்டியது. டொரான்டோ கொதித்தது. ஓராண்டு முடிந்த பிறகும் மருந்து ஒரே கம்பெனியின் பிடியில் இருந்துவிடுமோ என்ற பயம். நல்ல வேளையாக, செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே முறையைத் தனியாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் காட்டி டொரான்டோ பேரம் பேசியது.

பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923 ஜனவரியில் தங்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விற்றிருந்தார்கள். தர்மசிந்தனை மட்டும் காரணமல்ல. வேறொருவர் காப்புரிமை வாங்கிப் பூட்டிவிடாதிருக்க அதுவே பூட்டு. தனியுரிமைக் காலம் முடிந்ததும் பிற கம்பெனிகளுக்கும் உரிமம் போனது. மருந்தின் வீரியத்தைச் சோதிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகக் குழு தன் கையில் வைத்துக்கொண்டது. பெயர்ச் சண்டை மட்டும் ராசியில் முடிந்தது: லேபிளில் 'ஐலெட்டின்', அதனடியில் 'இன்சுலின், லில்லி'. (அந்த ஆண்டு நோபல் பரிசில் பெஸ்ட்டும் காலிப்பும் விடுபட்டது தனிக் கதை.)

இந்த இழுபறிக்கு நடுவே, 1922 ஆகஸ்டில் டொரான்டோவுக்கு ஒரு சிறுமி வந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத். 15 வயதில் எடை ஏறக்குறைய 20 கிலோ. பான்டிங் ஊசி போட ஆரம்பித்தார். சில வாரங்களில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள். பிறகு கல்லூரி, கல்யாணம், மூன்று குழந்தைகள். 1981-ல் காலமானபோது எலிசபெத்துக்கு வயது 73.