கால் சிவந்து வீங்கினால்...



கனகம்மாசத்திரம் பக்கம் நடவுக்குப் போகிறவர்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. "சேத்துப்புண்ணுதானே, தானா ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். கால் சிவந்து, சூடேறி வீங்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், குளிர்காய்ச்சலும் வரலாம். இதுதான் செல்லுலைட்டிஸ். அக்கி என்று காவி எழுதி உட்கார்ந்திருந்தால் நாள்தான் போகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆன்டிபயாடிக் மருந்து தருவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாதாரணமாக 5 முதல் 7 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். காய்ச்சல் விட்டதும் "மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும்" என்று மாத்திரையை முடிந்து வைக்கும் சிக்கனம் ஆகாது. காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுங்கள். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். முதல் நாள் சற்றுப் பரவலாம். இரண்டு நாளுக்குப் பிறகும் பரவினால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். தோல் கறுத்தாலோ, பொறுக்க முடியாத வலி வந்தாலோ உடனே திருத்தணி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒருமுறை வந்த காலுக்கு மறுபடியும் வரலாம். யானைக்கால் வீக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். சர்க்கரையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். வேலை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, சேற்றுப்புண் களிம்பு தடவுங்கள். மனைவி காலைக் கணவனும், கணவன் காலை மனைவியும் வெளிச்சத்தில் பார்க்கலாம். இதில் வெட்கம் எதற்கு?

அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர் குறைந்த அளவு பெனிசிலினை ஓராண்டு தரக்கூடும். 2013-ல் வெளியான பிரிட்டன்-அயர்லாந்து ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 37 பேருக்கு மறுபடி வந்தது; பெனிசிலின் சாப்பிட்டவர்களில் 22 பேருக்குத்தான். மருந்தை நிறுத்தியபின் அந்தப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. ஆகவே கால் கழுவுவது எப்போதும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலோடு மலையேறுகிறவர்கள், இறங்கியதும் பாதத்தைக் கழுவிப் பாருங்கள்.