சேனை அரிப்பும் செவ்வரளியும்

எங்கள் நாய்க்குட்டி கருவாயனுக்கு அப்போது நாலு மாதம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற வயது. செருப்பு, விளக்குமாறு எதையும் விடமாட்டான். போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் கிடந்து முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். எச்சில் நூலாக ஒழுகியது. பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்த மணிபிளான்ட்டில் ஓர் இலை பாதிதான் இருந்தது.

"வாந்தி எடுக்க வைங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா உப்புக் கரைசலோடு வந்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் கால்நடை டாக்டர் போனை எடுத்தார்.

"உப்புத்தண்ணி குடுத்துராதீங்கம்மா, அதுவே நஞ்சாயிரும். சேனை நறுக்குனா கை அரிக்குமில்ல? அதே சங்கதிதான் இது."

மணிபிளான்ட்டும் சேனை, சேம்பு குடும்பம்தான். இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது. கடித்த உடனே நாக்கிலும் ஈறிலும் குத்தும். எச்சில் வடியும், வாந்தி வரும், விழுங்க முடியாது. அந்த வலியாலேயே நாய் அதிகம் தின்னாது; பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். வாயைக் கழுவிவிட்டு ஒரு கரண்டி தயிர் கொடுத்தோம். இரவில் சோறு தின்றான். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

போனை வைக்கும் முன் டாக்டர் கேட்டார்: "வாசல்ல அரளி இருக்காம்மா?"

இருந்தது. சாமிக்குப் பறிக்க என் மாமியார் வைத்த செவ்வரளி. இந்த ஆவுடையார்கோவில் ஊரில் எத்தனையோ வாசலில் நிற்பதுதானே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மணிபிளான்ட் வாயைப் புண்ணாக்கும்; அரளி நெஞ்சை நிறுத்தும். இலை, பூ, பட்டை, வேர், காய்ந்த சருகு எல்லாவற்றிலும் ஒலியாண்ட்ரின் என்ற நஞ்சு உண்டு. வாந்தி, பேதியில் தொடங்கி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். மஞ்சள் அரளியும் அப்படித்தான். கேரளத்தில் பத்தனம்திட்டைப் பக்கம் அரளி இலை தின்ற பசுவும் கன்றும் செத்தன. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. நாய் அரளியைத் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். தின்ற இலையைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மாமியார் வைத்த செடியை வெட்ட மனம் வரவில்லை. இடுப்புயரத்துக்குக் கம்பிவலை கட்டினேன். மணிபிளான்ட் உத்தரத்துக்கு ஏறிவிட்டது. துளசியும் செம்பருத்தியும் தரையிலேயே இருக்கின்றன, அவற்றால் பயமில்லை.

கழித்த அரளிக் கிளையை மட்டும் குப்பைமேட்டில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். புகையிலும் நஞ்சு உண்டு. குழி தோண்டிப் புதையுங்கள். கருவாயனுக்கு நான் இருக்கிறேன். தெருவில் மேய்கிற ஆட்டுக்கும், சோறு தேடி வருகிற நாய்க்கும் அது நஞ்சென்று எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?