தலையாட்டமா, வலிப்பா?

யாழ்ப்பாணத்து வளவுகளிலே நாய் காவலுக்கு மட்டும் உரியதன்று. வீட்டாருள் ஒன்றாகவே வளர்வது. அது திடீரென நடுங்கக் கண்டால் வீட்டார் கலங்குவர்; விசர் பிடித்ததென்று அயலார் பொல்லெடுப்பதும் உண்டு. ஆனால் நடுக்கம் யாவும் விசரன்று, வலிப்புமன்று.

டொபர்மன், பொக்சர், புல்டோக் முதலிய சாதி நாய்களிடத்தே தலை மட்டும் ஆடும் ஒருவகை நடுக்கம் காணப்படுகின்றது. தலை மேலுங்கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஆடும். ஆயினும் உணர்வு தவறுவதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் நம்மை நோக்கும், எழுந்து நடக்கும். மூக்கருகே மீன்துண்டொன்றை நீட்டினால் பெரும்பாலும் ஆட்டம் நின்றுவிடும். சில நிமிடங்களில் தானே அடங்கும் இதற்கு மருந்து வேண்டுவதில்லை.

வலிப்பின் இயல்பு வேறு. நாய் சாய்ந்து விழும்; உடல் விறைக்கும்; கால்கள் நீந்துவனபோல உதைக்கும்; வாயில் நுரை தள்ளும்; சிறுநீர் கழியும். நாம் அழைப்பது அதற்கு எட்டாது. ஓரிரு நிமிடத்தில் அடங்கிய பின்னரும் சிறிதுநேரம் தடுமாறித் திரியும். சிலவேளை வலிப்பு முகத்தை மாத்திரம் இழுப்பதும் உண்டு. ஆதலால் ஐயம் எழுந்தால் கைபேசியிற் படம்பிடித்து மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று.

வலிப்பு வேளையில் இரும்பை வைப்பதாற் பயனில்லை. வாயிற் கைவைத்தால் கடிபட நேரும்; நீர் பருக்கினால் மூச்சுக்குழலிற் புகும். அருகிலுள்ள பொருள்களை அகற்றிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தலே முதற் கடமை. வலிப்பு 5 நிமிடத்தைக் கடந்தாலோ, 24 மணி நேரத்துள் மீண்டும் வந்தாலோ தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். அடிக்கடி வரும் வலிப்பைப் பீனோபாபிட்டோன் போன்ற மருந்தால் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம்.

தோட்டத்துக்கு அடித்த பூச்சிநாசினி வயிற்றிற் சென்றாலும் உடல் முழுதும் நடுங்கி, வாய்நீர் ஒழுகும். அதுவும் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டிய நிலையே.

விசரிலோ குணம் மாறும்; குரல் கம்மும்; தாடை தொங்கி உமிழ்நீர் வடியும்; வலிப்பும் வரலாம். இக்குறிகள் கண்ட நாயைத் தொடாது விலகுக. கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றிய நாயெனின் இவ்வச்சம் பெரிதும் நீங்கும்.

ஆகவே, பொல்லெடுக்குமுன் எட்ட நின்று ஒருமுறை பெயர் சொல்லி அழைத்துப் பார்ப்போம். அது திரும்பி நோக்குமாயின், ஓர் உயிரை வீணே மாய்க்கும் பழி எம்மைச் சேராது.