பிரேக்கைச் சீர்செய்தாலும் குற்றமா? பழைய ஜீப்களும் 52-ஆவது பிரிவும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பொன்முடி. கல்லாறைக் கடந்து ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புதிய கார்களில் செல்வோருக்கு இது உல்லாசப் பயணம். முப்பது, நாற்பது ஆண்டுகள் பழமையான ஜீப்களுக்கும் பிக்-அப் வண்டிகளுக்கும் இது சோதனைக் களம்.

சுமையுடன் இறங்கும் பழைய வண்டியில் பாதி வழியிலேயே பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கும். கருகிய நெடி வீசும். அனுபவமுள்ள ஓட்டுநர் கியரைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்கள் ஆறும்வரை காத்திருப்பார். அனுபவமற்றவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். அதனால் சூடு மேலும் ஏறும்.

முன் சக்கரங்களில் உள்ள டிரம் பிரேக்கை அகற்றிவிட்டு டிஸ்க் பிரேக் பொருத்துவதே இதற்கான பரிகாரம். பழைய ஜீப் பிரியர்களிடையே இந்த மாற்றம் நன்கு அறிமுகமானது. ஆனால் உயிர் காக்கும் இந்த மாற்றம், ஒலிப்பானையும் சைலன்சரையும் மாற்றி ஊரை அலறவிடும் "மாடிபிகேஷன்" ரகத்தில் சேருமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. அத்தகைய மாற்றமாகக் கருதப்பட்டால், 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

டிரம்மில் என்ன குறை?

அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் இந்தியாவில் ஒருங்கிணைக்கத் தொடங்கியது மஹிந்திரா நிறுவனம். அந்தப் பரம்பரையில் வந்த ஜீப்களும் பிக்-அப்களும் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே ஓடின. உலகம் அதற்கு வெகு முன்பே நகர்ந்துவிட்டது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. 1955-இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன் சக்கர டிஸ்க்குகளுடன் விற்பனைக்கு வந்தது.

டிரம் பிரேக்கில், சுழலும் உருளையின் உட்புறத்தில் இரண்டு ஷூக்கள் வெளிநோக்கி விரிந்து உராய்கின்றன. உராய்வில் பிறக்கும் வெப்பம் மூடிய உருளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சூடேறிய உருளை விரிவடைந்து ஷூவிலிருந்து விலகுவதால் மிதி கீழே இறங்குகிறது. லைனிங்கும் தன் பிடிப்பை இழக்கிறது. ஆண்டில் இரண்டு பருவமழைகளைக் காணும் கேரளத்தில் மற்றொரு தொல்லையும் உண்டு. ஓடையைக் கடக்கும்போது டிரம்முக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதில்லை. அடுத்த சில மிதிகளுக்கு வண்டி நிற்காது.

டிஸ்க் பிரேக்கில் திறந்தவெளியில் சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. காற்று பட்டு வெப்பம் விரைவில் தணிகிறது. நீர் சுழற்சியிலேயே சிதறிவிடுகிறது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன் சக்கரங்களே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. எனவே முன்புறம் மட்டும் டிஸ்க் போதும் என்பதே பொதுவான நடைமுறை. 2010-இல் மஹிந்திரா அறிமுகப்படுத்திய தார் ஜீப்பிலும் முன்புறம் டிஸ்க், பின்புறம் டிரம்தான்.

பட்டறையில் நடப்பது

டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

டிரம் பிரேக்கில் ஷூ விரியும்போது சுழற்சியே அதை மேலும் இழுத்து அழுத்தும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆகவே கூடுதல் அழுத்தம் தேவை; அதற்கு வேக்குவம் பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் என்ஜினில் வெற்றிடம் என்ஜினிலிருந்தே கிடைக்கும். ஆனால் பழைய ஜீப்களில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்தது ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். டீசலில் இதற்கெனத் தனி வேக்குவம் பம்பு பொருத்த வேண்டும். அதைச் செய்யாத வண்டியில் மிதி கல்லைப்போல் இருக்கும்.

மாஸ்டர் சிலிண்டர் அடுத்த சிக்கல். டிரம்முக்கான சிலிண்டரில், குழாயில் சிறிதளவு அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் வால்வு இருப்பதுண்டு. டிஸ்க்குக்கு மாறிய பின்னும் அது நீடித்தால் பேடுகள் தகட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். எந்தச் சூட்டிலிருந்து தப்பிக்க இந்த மாற்றமோ, அதே சூடு வேறு வழியில் வந்து சேரும். மேலும் மிகப் பழைய ஜீப்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். எங்கேனும் ஓரிடத்தில் குழாய் கசிந்தால் முழு பிரேக்கும் போய்விடும். முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்று கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதுதான், உண்மையில், டிஸ்க்கைவிடப் பெரிய பாதுகாப்பு என்று கூறலாம். இதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, வெளியே தெரியாத பாகம் என்பதால்.

பிக்-அப் வண்டிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சுமை ஏற்றியபோது பின்புறம் கனம். இறக்கிய பின் பின்புறம் லேசு. முன்னும் பின்னும் பிரேக் விசையைப் பங்கிடும் வால்வு சரியாக அமையாவிட்டால், காலியாகத் திரும்பும் வண்டியின் பின் சக்கரங்கள் ஈரச் சாலையில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழன்றுவிடும்.

எல்லாவற்றிலும் அபாயகரமானது காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட். ஆலைத் தயாரிப்பு கிடைக்காத இடத்தில் இரும்புப் பட்டையை வெட்டி வெல்டிங் செய்து பொருத்துவோர் உண்டு. முழு வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தும் விசை முழுவதும் அந்த ஒரு வெல்டிங்கின் மீது விழுகிறது. எந்தச் சோதனைக் கூடமும் அதைப் பார்த்ததில்லை.

ஆக, சரியாகச் செய்தால் உயிர் காக்கும் இதே மாற்றம், தவறாகச் செய்தால் உயிர் பறிக்கும். சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறதா என்பதே கேள்வி.

சட்டம் வந்த பாதை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முதலில் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற்றால் வாகனத்தில் மாற்றம் செய்யலாம் என்றே அது கூறியது. 2000-ஆம் ஆண்டு திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்றாகியது. வட்டாரப் போக்குவரத்து அதிகாரியின் விருப்புரிமை பெருமளவு பறிபோனது.

ஆயினும் கேரளத்தில் குழப்பம் நீடித்தது. 1989-ஆம் ஆண்டு கேரள மோட்டார் வாகன விதிகளின்படி சில கட்டமைப்பு மாற்றங்கள் அனுமதிக்கத்தக்கவையே என்று கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு 2019 ஜனவரி 9-இல் அதை ரத்து செய்தது. விதிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று அமர்வு தெளிவுபடுத்தியது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு என்றாலும் தீர்ப்பு நாடு முழுமைக்கும் பொருந்தும்.

பிரேக் விஷயத்தில் இரு வாதங்களுக்கு இடமுண்டு. பதிவுச் சான்றிதழில் சேசிஸ் எண், என்ஜின் எண், சக்கர இடைவெளி, இருக்கைகள், எடை போன்றவை உள்ளன. பிரேக் டிரம்மா, டிஸ்க்கா என்ற விவரம் அதில் இல்லை. 52-ஆவது பிரிவின் விளக்கமும், "மாற்றம்" என்பது வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்றே வரையறுக்கிறது. எனவே பிரேக் மாற்றம் தடைக்குள் வராது என்பது ஒரு வாதம். ஒவ்வொரு வாகன மாதிரியும் பிரேக் சோதனை உள்ளிட்ட ஒப்புதல் பெற்றே சந்தைக்கு வருகிறது; நிறுத்தும் அமைப்பைவிட அடிப்படையான அம்சம் வேறென்ன என்பது மறுவாதம். சாலையில் நிற்கும் ஆய்வாளருக்கு இந்த நுட்பங்களைப் பரிசீலிக்க நேரமில்லை. தவிர, காலிப்பர் இடிக்காமலிருக்கப் பெரிய சக்கரம், அகலமான டயர் என்று பலர் சேர்த்தே மாற்றிவிடுகின்றனர். வழக்கில் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்ட முடியும்.

அதிகாரிகளின் கெடுபிடியை முற்றிலும் குறைகூற இயலாது. 2022 அக்டோபர் 5 இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளி மாணவர்களுடன் உதகைக்குச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் உயிரிழந்தனர். அந்தச் சுற்றுலாப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் முறைகேடு செய்யப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. 2024-இல் காருக்குள் நீச்சல் குளம் அமைத்து ஆலப்புழைச் சாலைகளில் ஓட்டிய சம்பவமும் உயர் நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு உள்ளானது. சட்டவிரோத மாற்றங்களுக்கு எதிராக நீதிமன்றம் தொடர்ந்து கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்து வருகிறது. ஆண்டுக்கு 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலை விபத்துகள் பதிவாகும் மாநிலத்தில் அது புரிந்துகொள்ளத்தக்கதே.

சாவி தில்லியில்

கேரளப் போக்குவரத்து ஆணையரகம் திருவனந்தபுரத்தில் உள்ளது. போக்குவரத்துத் திட்டமிடலுக்கும் ஆய்வுக்குமான நாட்பேக் மையமும் அதே நகரின் ஆக்குளத்தில்தான் இயங்குகிறது. இருந்தும், பிரேக் மாற்றத்துக்கு விதிவிலக்கு அளிக்க மாநிலத்தால் இயலாது. மோட்டார் வாகனங்கள் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் 35-ஆவது இனமாக உள்ளன. மத்தியச் சட்டத்துடன் முரண்படும் மாநில விதி செல்லாது என்பதைத்தான் 2019 தீர்ப்பும் உணர்த்தியது.

சாவி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் உள்ளது. வாகன மாற்றங்களுக்கான தர அளவுகளையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று 2019 திருத்தமே 52-ஆவது பிரிவில் ஒரு வாசலைத் திறந்துவைத்தது. மாற்றுத் திறனாளிகள் தங்கள் தேவைக்கேற்ப வாகனத்தை மாற்றிப் பின்னர் ஒப்புதல் பெறவும் அது வழி செய்தது. பெட்ரோல் வண்டியில் இயற்கை எரிவாயு கருவி பொருத்தவும், பழைய வண்டியை மின்வாகனமாக மாற்றவும் முறைப்படியான ஒப்புதல் நடைமுறை உள்ளது. கருவியைத் தயாரிப்பவர் சோதனை நிலையத்தில் சான்று பெறுகிறார். அங்கீகரிக்கப்பட்ட மையம் அதைப் பொருத்துகிறது. பதிவுச் சான்றிதழில் மாற்றம் ஏறுகிறது.

வண்டியை மின்சாரத்தில் ஓடவைக்க உள்ள அந்தத் தெளிவு, அதே வண்டியை நன்றாக நிறுத்துவதற்கு இல்லை. புணேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள சர்வதேச வாகன ஆராய்ச்சி மையம் போன்றவற்றில், குறிப்பிட்ட ஜீப் மாதிரிக்கான டிஸ்க் பிரேக் தொகுப்பை ஒருமுறை சோதித்துச் சான்றளித்தால், வெல்டிங் பட்டறைகளின் பிராக்கெட்டுகளுக்கு வேலையே இராது. ஒரு வண்டிக்கு ஒரு சோதனை என்பதல்ல, ஒரு தொகுப்புக்கு ஒரு சோதனை என்பதால் செலவும் பலருக்குப் பங்காகும்.

இது கேரளத்தின் பிரச்னை மட்டுமன்று. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தமிழகப் பெண் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதும் இத்தகைய ஜீப்கள்தான். அவர்கள் கடக்கும் போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஜீப்களில் ஆள் மிகுதியாக ஏற்றப்படுவது குறித்து அவ்வப்போது எழும் கூச்சல், வண்டியின் பிரேக் எத்தகையது என்பது வரை செல்வதில்லை. கேரள, தமிழக எம்.பி.க்கள் சேர்ந்தே எழுப்பத்தக்க விஷயம் இது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்காக 2021-இல் கொண்டுவரப்பட்ட பாரம்பரிய வாகன விதிகளிலும் தீர்வு இல்லை. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. தோட்டத்துக்குச் சாமான் கொண்டுசெல்லும் ஜீப்புக்கு அது உதவாது.

இதற்கிடையே பழைய வண்டி வைத்திருப்பதன் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 20 ஆண்டுகளைக் கடந்த இலகுரக வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. வாடகை, சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆய்வு நாளன்று பழைய சைலன்சரை மாட்டிக் காட்டி, மறுநாள் கழற்றிவிடும் தந்திரம் நாடறிந்தது. பிரேக்கில் அது நடவாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குழாயில் காற்றுப் புகும். முழுவதும் வெளியேற்றி, திரவம் மாற்றி, மீண்டும் சரிபார்க்க வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று எண்ணும் உரிமையாளர், டிரம்முக்குப் புது லைனிங் ஒட்டி, அடுத்த மழைக்காலத்துக்கும் அதே வண்டியை மலைக்கு அனுப்புகிறார்.