இயந்திரம் ரெடி, கோப்பு ரெடியா?

கோவையில் சின்னப் பட்டறை வைத்து ஜவுளி இயந்திரம் செய்யறீங்க, ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் வருது என்று வைத்துக்கொள்வோம். நல்ல சேதிதான். ஆனால் இயந்திரத்தோடு சேர்ந்து ஒரு தொழில்நுட்பக் கோப்பும் தயாராக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதியிலேயே இது கட்டாயம். 2027 ஜனவரி 20 முதல் அதன் இடத்தில் 2023/1230 என்ற புதிய ஒழுங்குமுறை வருகிறது.

வரைபடம், மின்சுற்று, சோதனை முடிவு, கையேடு எல்லாம் கோப்பில் இருக்கும். முக்கியமானது ஆபத்து மதிப்பீடு. உருளையில் கை சிக்குமா? மூடியைத் திறந்தால் இயந்திரம் நிற்குமா? எந்த ஆபத்துக்கு என்ன தடுப்பு, அதையும் மீறி மிஞ்சுவது என்ன என்று எழுதணும். வடிவமைக்கும்போதே எழுதிவிடுங்கள், பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் நிச்சயம் ஏதாவது விட்டுப்போகும்.

இன்னொரு சிக்கல். கடையில் கிடைக்கலை என்று வேறு சென்சார் போடுவோம், வரைபடத்தைத் திருத்த மறந்துடுவோம். ஐரோப்பியச் சந்தைக்குப் போனதிலிருந்து 10 ஆண்டுகள் கோப்பைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் வரைந்தவரே வேலையை விட்டுப் போயிருக்கலாம். விபத்து நடந்து அதிகாரிகள் கேட்டால், வரிசை எண்ணை வைத்து அந்த இயந்திரத்துக்கான பதிப்பை எடுத்துத் தரணும். யாரோ ஒருத்தர் வாட்ஸ்அப்பில் கிடக்கும் படம் உதவாது.

புதிய விதியில் கையேட்டை டிஜிட்டலாகத் தரலாம். எங்கே பார்ப்பது என்பதை இயந்திரத்தில் குறிக்க வேண்டும், கியூ.ஆர். குறியீடு கூடப் போதும். வாங்கும்போதே அச்சுப்பிரதி கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தரணும். மொழி அந்த நாடு சொல்வதுதான். மொழிபெயர்ப்புச் செலவை விலை பேசும்போதே சேர்த்துக்கோங்க.