முதுமக்கள் தாழி

முதுமக்கள் தாழி என்பது பழங்காலத் தமிழகத்தில் இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ வைத்துப் புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்கலம் ஆகும். ஈமத்தாழி, முதுமக்கட்சாடி என்றும் இது குறிக்கப்படும். தென்மாவட்டக் கிராமங்களில் ‘மதமதக்கப் பானை’ என்னும் பேச்சுவழக்கும் உண்டு.

சொற்பொருள்

தாழி என்றால் வாயகன்ற பெரிய பானை. இது சாவோடு மட்டும் தொடர்புடைய சொல் அன்று. தயிர் கடையும் கலமும் தாழிதான். ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போல’ என்னும் பழமொழியில் வருவது அந்தத் தாழியே. ஈமத்துக்கு உரியதைப் பிரித்துக் காட்டவே ‘ஈம’, ‘முதுமக்கள்’ என்னும் அடைகள் முன்னே சேர்ந்தன.

‘முதுமக்கள்’ என்பதை முதியவர்கள் என்று மட்டும் கொள்வதால் ஒரு தவறான கருத்து பரவியுள்ளது. முற்காலத்தில் மனிதர்கள் சாகாமல் நெடுங்காலம் வாழ்ந்து உடல் சுருங்கிப்போனதாகவும், அவர்களைச் சோறும் விளக்கும் வைத்து உயிரோடு தாழிக்குள் இறக்கியதாகவும் கதை சொல்லப்படுகிறது. ஆனால் ‘முது’ என்பதற்குத் தொன்மை என்ற பொருளும் உண்டு. முதுகுடி, முதுமொழி, மூதூர் ஆகிய சொற்களில் அப்பொருளே வருகிறது. அவ்வாறே முதுமக்கள் என்பது பண்டைய மக்களை, அதாவது முன்னோரைக் குறிக்கும்.

தாழிகளுக்குள் கிடைப்பவையும் இக்கதைக்கு இடம் தருவதில்லை. உடல் முழுவதையும் வைத்த தாழிகளும் உண்டு. வேறிடத்தில் உடல் மட்கிய பின் எலும்புகளை மட்டும் திரட்டி வைத்த தாழிகளும் உண்டு. இரண்டாவது வகையை ஆய்வாளர்கள் ‘இரண்டாம் நிலை அடக்கம்’ என்பர். திரட்டிய எலும்புகளை வைத்த தாழிக்குள் யாரும் உயிரோடு இறங்கியிருக்க முடியாது. உணவுக்கலங்களை உடன் வைத்தது இறந்தவருக்குச் செய்த சிறப்பு.

இலக்கிய வழக்கு

புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்துபோன சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யும் குயவரை விளித்து இரங்குகிறார். அவ்வளவு பெரிய புகழுடைய வேந்தனுக்கு ஏற்ற தாழியை வனைய முடியுமா என்பது அவர் கேள்வி. 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு குயவரை வேண்டுகிறாள். இரண்டு பாடல்களிலும் தாழி முதுமைக்கு உரியதாகச் சொல்லப்படவில்லை. இறந்தவருக்கு உரியதாகவே வருகிறது. மணிமேகலை ஐந்து வகை ஈமமுறைகளைச் சொல்லும்போது தாழியில் கவிப்பதையும் எரிப்பதையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. ஒரே காலத்தில் பல முறைகள் வழக்கில் இருந்ததை இது காட்டுகிறது.

அகழாய்வுகளில் தாழி

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவான ஆய்வு நடத்தினார். 2004–05இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல், கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 1155 எனக் காலம் கணிக்கப்பட்டது. கீழடியில் வாழ்விடமும் அதனை அடுத்த கொந்தகையில் ஈமக்காடும் கண்டறியப்பட்டுள்ளன.

விருதுநகர் மாவட்டத்தில் பெயர் பெற்ற அகழாய்வு இடம் வெம்பக்கோட்டை. சிவகாசிப் பட்டாசுத் தொழில் பரவியுள்ள இப்பகுதியில், வைப்பாற்றின் வடகரையிலுள்ள விஜயகரிசல்குளம் மேட்டில், மாநிலத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் பணியைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் முதலியன இங்கு கிடைத்தன. இவை வாழ்விடத்தின், கைத்தொழிலின் தடயங்கள். எனவே மண்ணுக்கடியில் காணும் பெரிய பானை எல்லாமே ஈமத்தாழி என்று கொள்ளலாகாது. தானியம் சேர்த்த குதிராகவோ நீர்ச்சாடியாகவோ இருக்கலாம். எலும்பு, உடன்வைத்த சிறுகலங்கள், இரும்புக் கருவிகள், தாழிகள் கூட்டமாகப் புதைந்திருத்தல் ஆகியவை ஈமத்தாழியை இனங்காண உதவும்.

காக்க வேண்டியது

தென்மாவட்டங்களில் கண்மாயில் மண் அள்ளும்போதும், வீட்டுக்கோ சாலைக்கோ நிலத்தைத் தோண்டும்போதும் தாழியின் வாய்விளிம்புகள் வட்டமாகத் தெரிவதுண்டு. புதையல் இருக்கும் என்று எண்ணிச் சிலர் அவற்றை உடைத்துவிடுகின்றனர். தாழியின் மதிப்பு உள்ளே இருக்கும் மண்ணில்தான் உள்ளது. சிவகளையின் காலத்தைச் சொன்னது பொன்னன்று, நெல். மண்ணைக் கொட்டிக் கலைத்துவிட்டால் எது எதனோடு இருந்தது என்பதை மீண்டும் அறிய இயலாது. தாழி தென்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.