வருவது காவிரி, போவது பெண்ணை

ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் நம் இல்லங்களில், பொழுது புலர்ந்ததும் முதலில் கேட்பது குழாய்நீரின் ஓசையே. அந்நீர் எங்கிருந்து வருகிறது, பயன்பட்ட பின் எங்கே செல்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. எண்ணிப் பார்த்தால், நம் வீடு இரண்டு ஆறுகளுக்கு இடையே அமைந்திருப்பது விளங்கும்.

வருவது காவிரி. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவும் 500 மீட்டர் உயரமும் கடந்து, மின்விசையால் ஏற்றப்பெற்று நம்மை வந்தடைகிறது. 1974-இல் இந்நீர் முதன்முதலாக நகருக்கு வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பெற்ற ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு மேலும் 77.5 கோடி லிட்டர் கொணர வகை செய்தது.

போவது தென்பெண்ணை. பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்த நகரம். மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே மீண்டும் காவிரியைச் சேர்கிறது. நாம் வாழும் கிழக்குச் சரிவின் நீரோ, ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியை அடைகிறது. அதுவே நம் தென்பெண்ணை. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே கடலிற் கலக்கிறது. நாம் இங்கே கழித்துவிடும் நீர், அங்கே நம் உறவினரின் வயலுக்குப் பாய்கிறது அன்றோ!

அந்நீரின் நிலையை நாம் அறிவோம். பெல்லந்தூர் ஏரி நுரைத்துப் பொங்கியதோடு நில்லாமல், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியும் எரிந்தது. கெலவரப்பள்ளியிலும் நுரை மலைபோற் குவிந்தது.

இந்நிலையில் 2018-இல் ஒரு புதுமுயற்சி தொடங்கிற்று. கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாள்தோறும் 44 கோடி லிட்டர் வரை, வறண்ட கோலார் மாவட்டத்தின் ஏரிகளுக்கு அனுப்புவதே அத்திட்டம். ஏரி நிறைய வேண்டும், நிலத்தடி நீர் உயர வேண்டும், உழவர் பிழைக்க வேண்டும், பெல்லந்தூரின் சுமை குறைய வேண்டும் என நோக்கங்கள் பல. நல்ல நோக்கங்களே. ஆயினும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. மற்றொன்றும் உண்டு. கோலாருக்கு ஏற்றப்படும் அளவுக்கு, வர்த்தூர் வழியே ஆற்றில் இறங்கும் நீர் குறையும். ஓரிடத்து உழவர் பெறுவது, மற்றோரிடத்து உழவர் இழப்பதாகவும் ஆகலாம்.

ஆகவே, குடிநீருக்கு ஒரு திட்டம், ஏரிக்கு ஒரு திட்டம், பாசனத்திற்கு ஒரு திட்டம் எனத் தனித்தனியே வகுத்தல் போதாது. மேட்டிலிருந்து கடல்வரை ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே வட்டாரமாகக் கொண்டு, குடிநீர், பாசனம், தூய்மை, வெள்ளத்தடுப்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே தராசில் நிறுத்தல் வேண்டும். மாநில எல்லையை ஆறு அறியாது.

அது அரசுகளின் கடமை என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. மழைநீர்ச் சேகரிப்பு இந்நகரில் 2009 முதல் சட்டமாக உள்ளது. நம் கூரைநீர் கிணற்றில் இறங்கினால், காவிரியிடம் கேட்பது குறையும். எண்ணெயையும் குப்பையையும் சாக்கடையில் விடாதிருந்தால், பெண்ணைக்குச் செல்லும் அழுக்கு குறையும். வாழவந்த ஊருக்கும் பிறந்த நாட்டிற்கும் ஒருசேர நன்றி செலுத்தும் வழி இதுவே.